நகுரு ஏரிப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கென்யாவின் நகுரு ஏரியை இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிப் படம்தான் வரும். கரை முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூநாரைக் கூட்டம், நடுவே ஒரு கீற்றுபோல நீர். அந்தப் படங்களில் பெரும்பாலானவை 2010-க்கு முன் எடுக்கப்பட்டவை. அதன் பிறகு ஏரி பெருகிவிட்டது. பழைய கரை, கரையோரச் சாலைகள், பூங்காவின் பழைய முதன்மை வாயில் எல்லாம் நீருக்குள் போய்விட்டன. பூநாரைகளில் பெரும்பகுதி வேறு ஏரிகளுக்கு இடம் மாறிவிட்டது. இது தெரியாமல் வருகிறவர்கள் காலை முழுவதும் கரையைச் சுற்றிவிட்டு வாடிய முகத்தோடு திரும்புகிறார்கள். அவர்கள் கரையில் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அரைக் கிலோமீட்டர் தள்ளிப் புல்வெளியில் வெள்ளைக் காண்டாமிருகம் கன்றோடு மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நகுருவுக்குப் போவது காண்டாமிருகத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்க. பூநாரை கண்ணில் பட்டால் அது கூடுதல் வரவு. பயண நாளை இப்படித் திட்டமிட்டால் இந்தப் பூங்கா யாரையும் ஏமாற்றாது.

போகுமுன் ஏரியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

நைரோபிக்கு வடமேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது நகுரு. பூங்காவின் பரப்பு 188 சதுர கி.மீ. கென்யாவின் பெரிய காப்பகமான மாசாய் மாராவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது; ஒரே நாளில் ஓரளவு முழுமையாகச் சுற்றிவிடலாம். 1960-களின் தொடக்கத்தில் பறவைகளுக்கான காப்பிடமாகத் தொடங்கி, 1968-ல் தேசியப் பூங்கா ஆனது. 1990-ல் கென்யாவின் முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2011-ல் பொகோரியா, எலமென்டைட்டா ஏரிகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஆறுகள் வந்து சேரும். வெளியேற வழி கிடையாது. அதனால்தான் நீர் சோடா உப்பும் காரமுமாக இருக்கிறது. அந்தக் காரநீரில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி செழிக்கும். சிறு பூநாரைக்கு அதுதான் சாப்பாடு. தலையைக் கவிழ்த்து அலகை நீரில் துழாவி, பாசியை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளும். ஆழமில்லாத ஏரி என்பதால் மழை பொய்த்தால் சுருங்கும், கொட்டினால் பரவும். 1990-களின் நடுவில் ஏறக்குறைய வறண்டே போனது. 2010-க்கு முன் சுமார் 40 சதுர கி.மீ. இருந்த நீர்ப்பரப்பு, 2020 வாக்கில் 60-ஐத் தாண்டிவிட்டது. நன்னீர் அதிகம் கலந்தால் காரம் குறைகிறது, காரம் குறைந்தால் பாசி குறைகிறது, பாசி குறைந்தால் பூநாரை கிளம்பிவிடுகிறது. நீர் ஏன் இப்படி ஏறியது என்பதற்குக் கூடுதல் மழை, மாவ் காட்டுப் பகுதியில் மரங்கள் அழிக்கப்பட்டது, நிலத்தடி அசைவுகள் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன.

எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் வறண்ட காலம். புல் குட்டையாக இருக்கும், விலங்கு தெளிவாகத் தெரியும், மண்சாலையில் வண்டி சிக்காது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை நீண்ட மழை. நவம்பரை ஒட்டிக் குறுமழை. பறவைக்காகவே வருகிறவர் என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவிலிருந்தும் வடக்கு ஆசியாவிலிருந்தும் வலசை வரும் பறவைகள் அப்போது இங்கேதான் இருக்கும். பூங்காவில் பதிவான பறவை இனங்கள் 400-க்கும் மேல்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் வெயில் கொளுத்தும் என்று நினைத்து மெல்லிய சட்டை மட்டும் எடுத்து வருகிறார்கள். ஏரி இருப்பது 1,750 மீட்டருக்கும் மேலே, கிட்டத்தட்ட குன்னூர் உயரத்தில். விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் நிற்கும்போது காற்று வெடவெடக்க வைக்கும். ஸ்வெட்டர் கட்டாயம், பத்து மணிக்கு மேல் தொப்பி கட்டாயம்.

கிளம்புமுன் முடிக்க வேண்டிய காகித வேலைகள்

ஜனவரி 2024 முதல் கென்யா பழைய விசா முறையை எடுத்துவிட்டு, மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிடுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய உண்டு. முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பலர் இதைப் போகிற நாட்டின் விதியாக மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தியர்களுக்குச் சிக்கல் வருவது திரும்பும்போது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள கென்யா போன்ற நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் மையத்துக்கு அனுப்பலாம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவுக்குத் திரும்புகிறவர்களிடமும் மஞ்சள் அட்டை எனப்படும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை என்பதால் முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். மலேரியா மாத்திரை தேவையா என்பதையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுவிடலாம். நகுரு உயரமான இடம்தான். ஆனால் பயணம் மற்ற பகுதிகளையும் தொட்டால் மருத்துவர் சொல்வது மாறும்.

பிளாஸ்டிக் பை ஒன்றுகூடப் பெட்டியில் வேண்டாம். கென்யா அதை 2017-லேயே தடை செய்துவிட்டது, தண்டனையும் கடுமை. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில், ஸ்ட்ரா, கரண்டி எதற்கும் அனுமதி இல்லை. எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

நைரோபியிலிருந்து நகுரு வரை

மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு, ஏறத்தாழ ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் மும்பை வழியாகவோ வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகவோ வரலாம். நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியிருக்கும்.

நைரோபியிலிருந்து நகுருவுக்குச் சாலைப் பயணம் மூன்று மணி நேரம் என்பார்கள். நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டா போகும் லாரிகள் எல்லாம் இந்தச் சாலையில்தான். லிமுரு தாண்டியதும் நிலம் சட்டென்று கீழே இறங்கும். அங்கே இருக்கும் காட்சி முனைகளில் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கின் முழு அகலத்தையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் பார்க்கப் போகும் ஏரி ஏன் அங்கே இருக்கிறது என்பது, தட்டையான அந்தத் தரையையும் அதில் எழும்பி நிற்கும் எரிமலைகளையும் பார்த்தாலே விளங்கிவிடும்.

கைச்செலவு குறைய வேண்டுமென்றால் மட்டாட்டு எனப்படும் பொதுவேனில் நகுரு நகரம் வரை வந்துவிடலாம். ஆனால் பூங்காவுக்குள் நடக்கவோ சைக்கிளில் போகவோ முடியாது, வண்டி வேண்டும். நகுருவிலேயே கூரை திறக்கும் சஃபாரி வேன் அரைநாளுக்கோ முழுநாளுக்கோ கிடைக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து பகிர்ந்தால் தலைக்கு வரும் செலவு வெகுவாகக் குறையும். வறண்ட காலத்தில் சாதாரண டாக்ஸியும் போகும். ஆனால் கூரை திறந்து எழுந்து நின்றால்தான் புல்வெளி நன்றாகக் கண்ணில் படும். பேரம் பேசும்போது ஓட்டுநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: காண்டாமிருகம் கடைசியாக எந்தப் பக்கம் பார்த்தீர்கள்? எந்தச் சாலைகள் இப்போது நீரில்? இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரை அமர்த்துங்கள்.

அதே நாளில் நைரோபியிலிருந்து வந்து திரும்பும் திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். சூரியன் எழுவது ஏறக்குறைய 6.30-க்கு. அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் இந்தப் பூங்காவின் உயிர். நைரோபியிலிருந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் அதைப் பிடிக்க முடியாது. முந்தைய நாளே வந்து நகுரு நகரத்தில் தங்கிவிடுங்கள். கையில் தாராளமாக இருப்பவர்கள் பூங்காவுக்குள்ளேயே சரோவா லயன் ஹில், லேக் நகுரு லாட்ஜ் போன்ற விடுதிகளில் தங்கலாம்.

நுழைவுச் சீட்டும் வாயில்களும்

பூங்காவை நடத்துவது கென்யா வைல்ட்லைஃப் சர்வீஸ். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. இ-சிட்டிசன் என்ற அரசு இணையத் தளத்தில் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து, அட்டை மூலமோ எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை மூலமோ முன்பே கட்டிவிட வேண்டும். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவருக்கானதைப்போலப் பல மடங்கு, அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஆகவே யாரோ எழுதிய பழைய தொகையை நம்பாமல் பதிவு செய்யும் நாளில் தளத்தில் காட்டுவதையே கணக்கில் எடுங்கள். வண்டிக்குத் தனிக் கட்டணம். ரசீதைக் கைப்பேசியில் படமாகச் சேமித்துக்கொண்டால் வாயிலில் இணையம் இழுத்தாலும் பிரச்சினை இல்லை.

மூன்று வாயில்கள் உண்டு. நகரத்தை ஒட்டிப் புதிய முதன்மை வாயில், நைரோபி சாலையிலிருந்து வருகிறவர்களுக்கு லானெட், தெற்குப் பக்கம் ந்டெரிட். புதியவர்கள் முதன்மை வாயிலில் நுழைவதே நல்லது. அங்கே இருக்கும் காவலர்களிடம் அன்றைக்கு எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டே நகருங்கள். கடைகளில் விற்கும் வரைபடங்கள் சிலவற்றில் இன்னும் பழைய கரையோரச் சாலைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை நம்பிப் போனால் சாலை தண்ணீருக்குள் இறங்கி முடியும்.

உள்ளே நுழைந்ததும்: காலைப் பொழுது

வாயிலைத் தாண்டியதும் மஞ்சள் பட்டை வேலமரக் காடு. உயரமான மரங்கள், அடிமரத்திலிருந்து நுனிக்கிளை வரை மஞ்சள் பூசியதுபோல இருக்கும். இங்கே வண்டியை மெதுவாக விடச் சொல்லுங்கள். சிறுத்தை இருக்கும் இடம் இது. கிடைமட்டமாகப் போகும் தடித்த கிளைகளைப் பாருங்கள். உடலைவிடத் தொங்கும் வால்தான் முதலில் கண்ணில் படும். நகுருவின் சிங்கங்களுக்கும் மரமேறும் பழக்கம் உண்டு, அதனால் கிளையில் பெரிதாக ஏதாவது படுத்திருந்தால் அது சிறுத்தைதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வண்டியின் ரேடியோக் கருவியில் ஓட்டுநர்கள் ஸ்வாகிலியில் பேசிக்கொள்வது காதில் விழும். சிம்பா என்றால் சிங்கம், சுய் என்றால் சிறுத்தை, கிஃபாரு என்றால் காண்டாமிருகம், ட்விகா என்றால் ஒட்டகச்சிவிங்கி, ந்யாட்டி என்றால் காட்டெருமை. இந்த ஐந்தும் தெரிந்தால் வண்டி ஏன் திடீரென்று திரும்புகிறது என்பது புரியும்.

காட்டைத் தாண்டித் தெற்கே போகப் போகப் புல்வெளி விரியும். காண்டாமிருகம் அங்கேதான். 1987-ல் அரசு இங்கே காண்டாமிருகக் காப்பகம் அமைத்தது. வேட்டைக்காரர்களால் கருப்புக் காண்டாமிருகம் அழிவின் விளிம்புக்குப் போயிருந்த காலம் அது. பூங்காவைச் சுற்றி மின்வேலி போட்டுக் காத்து வளர்த்தார்கள். இன்று இங்கே வெள்ளை, கருப்பு என இரண்டு வகையும் உண்டு. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், இரண்டுமே சாம்பல்தான், அன்றைக்கு எந்தச் சேற்றில் புரண்டதோ அந்த நிறம். வாயைப் பாருங்கள். வெள்ளைக் காண்டாமிருகத்தின் வாய் அகலமாய்ச் சதுரமாக இருக்கும். தலையைத் தரையோடு தாழ்த்தி வெட்டவெளியில் புல் மேயும். கருப்பின் மேலுதடு கொக்கிபோல் கூராக நீண்டிருக்கும்; அதால் புதரின் தளிரை வளைத்து ஒடித்துத் தின்னும். அது பெரும்பாலும் தனியாக, புதர்களுக்குள். கன்றோடு நடக்கும்போது வெள்ளையின் கன்று தாய்க்கு முன்னால் ஓடும், கருப்பின் கன்று பின்னால் வரும்.

வெள்ளைக் காண்டாமிருகம் அருகில் கிடைத்தால் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அணைத்த அரை நிமிடத்தில் புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்கும். சுருட்டிய காகிதம்போன்ற காதுகள் தனித்தனியே திரும்பும். ஒன்று உங்கள் பக்கம், மற்றொன்று கன்றின் பக்கம். கண்பார்வை மந்தம், காதும் மூக்கும் கூர்மை. உங்கள் வண்டியில் யாராவது தும்மினால் இரண்டு காதும் ஒருசேர உங்களை நோக்கி நிற்கும். அதன் பின்னால் தூரத்தில் நகுரு நகரத்தின் கட்டடங்கள் தெரியும். ஒரு மாநகரத்தின் ஓரத்தில் இத்தனை பெரிய விலங்கு உயிரோடு மேய்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிற காட்சி.

அதே வேலிக்குள் ராத்ஸ்சைல்டு என்ற வகை ஒட்டகச்சிவிங்கிகள். மேற்குக் கென்யாவில் அவற்றின் வாழிடங்கள் விளைநிலமாகிப் போனபோது 1970-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லாமல் வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்கும், அதுதான் அடையாளம். வேலமரத்தின் நீண்ட முள்ளுக்கு நடுவே கருநிற நாக்கை நுழைத்து இலையை மட்டும் உருவுவதைப் பைனாக்குலரில் பாருங்கள்.

காட்டெருமை, வரிக்குதிரை, இம்பாலா, நீர்மான், காட்டுப்பன்றி எல்லாம் தேடாமலே வரும். யானை இந்தப் பூங்காவில் கிடையாது. அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அம்போசெலிக்கோ மாசாய் மாராவுக்கோ தனியாக நாள் ஒதுக்குங்கள்.

பத்து மணிக்கு மேல்: கரையும் குன்றுகளும்

வெயில் ஏறியதும் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும். ஏரிக்கரைக்கு அதுதான் நேரம். நீருக்குள் பட்டுப்போன வேலமரங்கள் எலும்புக்கூடாய் நிற்கும். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்களும் வெண்தலை மீன்கழுகும். கூழைக்கடாக்கள் பத்துப் பதினைந்தாக வளையம் கட்டி, ஒரே நேரத்தில் தலையை முக்கி மீனைப் பிடிக்கும். காரம் தாங்கும் சிறு திலாப்பியா மீனை 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் மகாடி ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மீன் தின்னும் பறவைகள் இங்கே பெருகியது அதற்குப் பிறகுதான்.

பூநாரை இருந்தால் கரையோரம் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். நம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பெரும்பாலும் பார்ப்பது பெரும் பூநாரை: உயரம், வெளிறிய உடல், இளஞ்சிவப்பு அலகின் நுனியில் மட்டும் கருப்பு. இங்கே கூட்டமாக வருவது சிறு பூநாரை. குட்டையானது, நிறம் அழுத்தம், அலகு முழுக்கவே கருஞ்சிவப்பு. இரண்டும் கலந்து நிற்கும்போது உயர வித்தியாசமே காட்டிக்கொடுக்கும்.

மேற்குப் பக்கம் பபூன் கிளிஃப் என்ற பாறை முனை. ஏரி முழுவதும் காலடியில் விரியும். நீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்பது இங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள சில இடங்களில் இதுவும் ஒன்று. மதியச் சாப்பாட்டை இங்கே பிரிக்கலாம் என்று தோன்றும், பபூன் குரங்குகளுக்கும் அதே யோசனைதான் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் அவை. வண்டிக்குள்ளேயே கதவைச் சாத்திச் சாப்பிடுவது உத்தமம்.

கிழக்குச் சரிவில் மெழுகுவர்த்திக் கொத்துபோல் கிளைத்து உயர்ந்த கள்ளி மரக்காடு. ஆப்பிரிக்காவின் பெரிய கள்ளிக் காடுகளில் ஒன்று. தெற்கு எல்லையில் மகாலியா அருவி. மழைக்காலத்தில் போகிறவர்கள் தவற விடவேண்டாம், வறண்ட காலத்தில் நூலாய் வடியும். அந்த நேரத்தைப் புல்வெளிக்கே கொடுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு நகுரு நகரத்தில் கஷ்டமில்லை. சப்பாத்தியும் ந்தெங்கு என்ற பச்சைப்பயறுக் குழம்பும் எந்தச் சிறிய உணவகத்திலும் கிடைக்கும். மக்காச்சோள உருண்டையான உகாலியோடு சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியலும், மொச்சை வகைகளோடு சோளம் வேகவைத்த கிதேரியும் வயிறு நிறையும். காலையில் கிளம்பும்போதே பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே நடந்துகொள்ள வேண்டிய முறை

வேகம் மணிக்கு 40 கி.மீ.-க்கு மேல் கூடாது. சாலையை விட்டுப் புல்லில் வண்டியை இறக்கக் கூடாது. குறித்த இடங்கள் தவிர எங்கும் இறங்கக் கூடாது. அனுமதியில்லாமல் டிரோன் கூடாது. எந்த விலங்குக்கும் உணவு போடக் கூடாது.

இதில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். காண்டாமிருகத்தின் படத்தை உடனுக்குடன் இடக்குறியோடு சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்கிறவர்களுக்கு விலங்கு எங்கே நிற்கிறது என்ற தகவல் போதும். கைப்பேசிக் கேமராவின் இருப்பிடப் பதிவை வாயிலிலேயே அணைத்துவிட்டு, படங்களை ஊர் திரும்பியபின் பகிருங்கள். சிங்கத்துக்கு இன்னும் கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிப்பதும் வேண்டாம். அபராதம் விழுந்தால் பாதிக்கப்படுவது அவர் பிழைப்பு.

பூநாரைக்காகவே வந்தவர்கள்

கூட்டம் கூட்டமாகப் பூநாரையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடாது என்றால், இன்னொரு நாளைப் பொகோரியா ஏரிக்கு ஒதுக்குங்கள். நகுருவுக்கு வடக்கே சாலையில் சுமார் இரண்டு மணி நேரம். அதுவும் காரநீர் ஏரிதான், ஆனால் நகுருவைவிட ஆழமானது, அதனால் பாசி அவ்வளவு எளிதில் நீர்த்துப்போவதில்லை. கரையில் வெந்நீர் ஊற்றுகள் கொதித்துப் பீறிடும். ஊற்றுகளின் விளிம்புக்குப் போகாதீர்கள், மேல்மண் மெல்லிய ஓடுபோல உள்ளே சரியக்கூடும். போகுமுன் முந்தைய நாள் நகுருவிலேயே ஓட்டுநர்களிடம் பறவை அங்கே இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பூநாரைகள் இரவோடிரவாக ஏரி மாறும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு பூநாரைகள் பெருமளவில் முட்டையிடுவது தான்சானியாவின் நாட்ரன் ஏரியில், அந்தக் காலத்தில் கென்ய ஏரிகளில் எண்ணிக்கை குறைந்தே இருக்கும்.

அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் நைரோபி திரும்பும் வழியிலேயே எலமென்டைட்டா இருக்கிறது. நெடுஞ்சாலையோரக் காட்சி முனையிலிருந்தே ஏரி தெரியும். கூழைக்கடாவும் சில நேரம் பூநாரையும் இருக்கும். அங்கே நிற்பதாக இருந்தால் நகுருவிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்த ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே நைரோபிக்கு வண்டி ஓட்டுவது உள்ளூர் ஓட்டுநர்களே தவிர்க்கிற காரியம்.